தண்டவாள மணியின் பத்தாவது அடி

சனிக்கிழமை காலை ராகலை நகரில், ஹலீம் நானாவின் ஹாட்வேர் கடைக்கு மேலே போகும் ஒடுங்கிய படியில் ஒரு ரைஸ் குக்கரும் ஒரு முருகன் படமும் ஏறிக்கொண்டிருந்தன. குக்கரைத் தூக்கியவர் முத்துலிங்கம் மாஸ்டர். முருகனைத் தூக்கியவள் அவர் மனைவி பிரியந்தி. பின்னால் ஐந்து வயது மகள் தனுஷிகா ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். வீடு மாறுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும்தான் இந்தக் குடித்தனம்.

“வாங்கொ மாஸ்டர், பாத்து ஏறுங்கொ. ரெண்டாம் படி ஆடுது” என்றார் ஹலீம் நானா. சுவரில் தொங்கிய மக்கா காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஒங்கட சாமி ரெண்டு நாளைக்கு எங்கட வீட்டுல ஈக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. பொய் சொல்ல சாமி ஒத்துக்குவாரான்னுதான் கேட்டுக்கொங்கொ.”

பிரியந்தி சிரித்தாள். முத்துலிங்கம் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். நகரத்துப் பெரிய பாடசாலையில் தரம் ஒன்றுக்கு இடம் வேண்டுமென்றால், பிள்ளையின் வீடு நகரத்தில் இருக்க வேண்டும். இவர்கள் வீடோ ஏழு கிலோமீட்டர் மேலே, சவுக்குமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில். அதனால் ஹலீம் நானாவின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்ததாக ஒரு ஒப்பந்தம் எழுதி விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை அந்தப் பாடசாலையிலிருந்து வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வெறும் வீட்டைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா, அதுதான் குக்கரும் முருகனும்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. முத்துலிங்கம் மாஸ்டர் வேலை பார்ப்பது அதே சவுக்குமலைத் தோட்டப் பாடசாலையில். அவர் படிப்பிக்கும் வகுப்பும் தரம் ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்து ‘அ’னா எழுதப் பழக்கும் மனிதர், தன் பிள்ளைக்கு மட்டும் அதே ‘அ’னாவை ஏழு கிலோமீட்டர் தள்ளி வாங்கப் போனார். தன் கடைச் சோற்றைத் தான் தின்னாத ஹோட்டல்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சாமான்களை அடுக்கி முடித்ததும் தகப்பன் மகளை மடியில் இருத்திக்கொண்டார்.

“பாப்பா, ஒங்க வீடு எங்க?”

“ராகலை டவுன். ஹலீம் கட மேல.”

“பக்கத்துல யாரு இருக்கா?”

“ரஸீனா ஆன்டி.”

“சவுக்குமலையில?”

“அங்க தாத்தா இருக்காரு. நாங்க சும்மா பாக்கப் போவோம்.”

“கெட்டிக்காரி” என்று கன்னத்தைத் தட்டினார். படிப்பிப்பதில் அவர் சமர்த்தர், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பிரதி அதிபர் ஷாமிலா டீச்சர். அதிகம் பேசாத பெண். அறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குசினிக்குள் போய் அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தனுஷிகாவிடம் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பிள்ளை தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். ரஸீனா ஆன்டியின் பூனைக்குப் பெயர் என்ன என்பது வரை கேட்காமலே சொன்னாள்.

“மாஸ்டர் எங்க படிப்பிக்கிறீங்க?” என்று கேட்டார் ஷாமிலா டீச்சர்.

“சவுக்குமலையில, டீச்சர்.”

“அங்க தரம் ஒண்ணு இருக்குதானே?”

“இருக்கு. பிள்ளைக கொறவு.”

டீச்சர் பேனையை மூடினார். “நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டாம் படி ஆடியது.

அன்று சாயந்தரமே குக்கரும் முருகனும் பஸ்ஸில் ஏறி லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. தனுஷிகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. பிரியந்தி மாவிளக்குப் போட்டாள்.

இன்னொரு கடிதம் நவம்பரில் வந்தது, சவுக்குமலைப் பாடசாலைக்கு. அதிபர் ஜெயந்தினி டீச்சர் அதை மேசையில் வைத்துத் தண்ணீர்ப் போத்தலைப் பாரமாக வைத்திருந்தார். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வாளி இருந்தது. சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“உக்காருங்க சேர். வலயக் கல்விப் பணிமனையில இருந்து வந்திருக்கு. ஜனவரியில முதல் நாள் அவங்க ஆள் ஒருத்தர் நேர்ல வருவாராம். தரம் ஒண்ணுக்குப் பத்துப் பிள்ளை இல்லைன்னா இந்த வருசம் வகுப்பு நடத்த வேணாமாம். வந்த பிள்ளைகள ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு அனுப்பணுமாம்.”

“இப்ப எத்தனை பேரு எழுதியிருக்காங்க டீச்சர்?”

“ஒம்போது.”

முத்துலிங்கம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். தோட்டத்தில் ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களில் யார் யார் வேன் ஏறி நகரத்துக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பத்தாவது பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறாள் என்பதும் தெரியும்.

ஜெயந்தினி டீச்சர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். “ஒங்களச் சொல்ல எனக்கு வாயில்ல சேர். என் மகன் ஹட்டன்ல படிச்சான், தெரியும்தானே. தரம் ஒண்ணு போச்சுன்னா அடுத்த வருசம் ரெண்டு போகும். அஞ்சு வருசத்துல கேட்டப் பூட்டிட்டு நாமளும் போயிரலாம். அத மட்டும் ஒரு தடவ யோசிங்க.”

வெளியே வந்த முத்துலிங்கம் மணிக்கு முன்னால் நின்றார். மணி என்றால் கோயில் மணி மாதிரி ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, சவுக்கு மரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்குகிறது, பக்கத்தில் ஒரு சுத்தியல். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. அதை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கியபோது, மலையில் அங்கங்கே மிஞ்சிய துண்டுகளில் இதுவும் ஒன்று.

அதைக் கட்டியவர் இராமையா மாஸ்டர். அவர் வருவதற்கு முன்னாலும் சவுக்குமலையில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததுதான். காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில், தோட்டம் சம்பளம் போட்ட ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. பத்து வயதில் பிள்ளையைக் கூப்பிட்டு மலையில் அரைப்பேர் போட்டுவிடுவார்கள். அதாவது அரை ஆள் சம்பளத்துக்கு முழு நாள் வேலை. நாட்டில் இலவசக் கல்வி வந்தது நாற்பதுகளில். அது பஸ் ஏறி, நடந்து, மூச்சு வாங்கி சவுக்குமலைக்கு வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பெடுத்த பிறகு, இறம்பொடைப் பக்கத்திலிருந்து வந்த முதல் தலைமையாசிரியர்தான் இந்த இராமையா மாஸ்டர்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முதல் நாளில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு லீவு கிடைக்காது. மாஸ்டர் தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து தண்டவாளத்தைக் கட்டினார். “நீங்க வர முடியாட்டிப் பரவாயில்ல. புதுசா சேர்ற ஒவ்வொரு பிள்ளையும் இதுல ஒரு அடி அடிக்கும். பேர் எழுதின வரிசையில அடிக்க வைப்பேன். மலையில நின்னு எண்ணிக்குங்க. ஒங்க பிள்ள எத்தனாவதோ, அந்த அடி கேட்டா பிள்ள உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்” என்றார். தப்புப் பறை அடித்தால் பெரட்டு, வேலைக்கு ஓடு என்று மட்டுமே சத்தம் கேட்டுப் பழகிய மலை அது. அன்றைக்கு முதன்முதலாக வேறு ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்தது.

அந்த வழக்கம் இன்று வரை நிற்கவில்லை. முத்துலிங்கம் சேர்ந்த வருஷம் நாற்பத்து மூன்று அடி. அவருடையது இருபத்தேழாவது. அவர் அம்மா மலையில் கூடையோடு நின்று எண்ணி, இருபத்தேழு வந்ததும் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாளாம். சாகும் வரைக்கும் அந்த நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு அப்போது. நாலு வகுப்பும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காரும். ஐந்தாம் வகுப்புக்குச் சுவர் மிச்சமில்லாததால் அது வாசலைப் பார்க்கும். அப்படிப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, ஐந்தாம் வகுப்போடு அந்த வாசல் வழியாகப் போனவர்கள் நிறையப் பேர். சுண்ணாம்புக் கட்டி வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் பகலில் கொடுக்கும் பணிஸ் வாசனையும் அவர் மூக்கில் இப்போதும் நிற்கிறது. போன வருஷம் பதினோரு அடி.

சுத்தியலைத் தொட்டுப் பார்த்தார். துருப் பிடித்திருந்தது.

பத்தாவது பிள்ளையை வேறு எங்காவது தேடலாம் என்றுதான் அன்று பின்னேரம் லயங்களுக்கு இறங்கினார். மனித மனசு இருக்கிறதே, தன் வீட்டுக் கதவைத் தவிர எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும். போன இடமெல்லாம் தேத்தண்ணி கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. கடைசியில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த மீனம்மா வழியில் எதிர்ப்பட்டாள். அவரோடு ஒன்றாய்ப் படித்தவள். அவள் மகள் சர்மிளா ஒன்பது பேரில் ஒருத்தி.

“என்ன மாஸ்டர், புள்ள புடிக்கக் கெளம்பிட்டீங்களாம்” என்றாள் மீனம்மா. கூடையை இறக்கி வைத்தாள்.

“பத்துப் பேரு வேணும் மீனம்மா. இல்லாட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்றாங்க.”

“தெரியும். எல்லாரும் அதத்தான் பேசுறாங்க. நான் அனுப்ப மாட்டேன்.”

“அப்புடிச் சொன்னா எப்புடி?”

“எப்புடி அனுப்புறது? நாலு கிலோமீட்டர் தேயிலைக்குள்ள தனியாவா? குளவிக் கூடு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும். கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தா எனக்குப் பேர் விழாது, அன்னைக்குச் சம்பளமும் இல்ல. அவரும் கொழும்புல கடையில நிக்கிறாரு. ஒரு வருசம் நிக்கட்டும், பொறகு பாப்போம்.” அவள் தன் விரல்களைப் பார்த்தாள். கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது. “எங்கம்மாவும் அதத்தான் சொன்னா. நான் அஞ்சாம் வகுப்புல இருக்கையில அவளுக்குச் சொகமில்லாமப் போச்சே, அப்ப. ஒரு வருசம் நிக்கட்டும்னா. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கணக்குப் பாடத்தில் மீனம்மாவை ஒருநாளும் அவர் முந்தியதில்லை.

“இருபத்தாறாவது அடி நானு, இருபத்தேழு நீங்க” என்றாள். “நம்ம ரெண்டு பேரு அம்மாவும் ஒண்ணா நின்னுதான் பேரு எழுதினாங்க. நான் மலையில நின்னுட்டேன், நீ வாத்தியாரு ஆகிட்ட, முத்து. எனக்கு அதுல பொறாமையில்ல. நம்ம செட்டுல ஒருத்தன் அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரா வந்துட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். இப்ப நீயே ஒம் பிள்ளய வேன்ல ஏத்துற. அப்ப அந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு? ஏலாதவங்க பிள்ளைக்கு மட்டுமா?”

மீனம்மா கூடையைத் தலைக்குத் தூக்கினாள். மறுபடியும் மரியாதை வந்துவிட்டது.

“முதல் நாளு மலையில நாங்க எண்ணுவோம் மாஸ்டர். ஒம்போதோட நின்னா, எங்களுக்குத்தான் எண்ணத் தெரியலன்னு நெனச்சுக்கிறோம்.”

வீட்டுக்கு வந்து முத்துலிங்கம் இதைச் சொன்னதும் பிரியந்தி கொதித்துப்போனாள். அவள் ராகலை தபால் கந்தோரில் வேலை பார்ப்பவள். எதையும் நறுக்கென்று முத்திரை குத்துகிற மாதிரித்தான் பேசுவாள்.

“அங்க இங்கிலீசுக்கு டீச்சர் இருக்கா? இல்ல. கூரை ஒழுகாத வகுப்பு எத்தனை? ஒண்ணு. கம்ப்யூட்டர் பெட்டியிலேயே இருக்கு. ஒங்க ஞாயத்துக்கு என் பிள்ளையப் பலி குடுக்கணுமா? எங்கப்பா என் டிரங்குப் பெட்டியத் தலையில தூக்கிக்கிட்டு மலையிறங்கி என்னைய டவுன் ஹொஸ்டல்ல விடாட்டி, நானும் இன்னைக்குக் கொழுந்துதான் ஆஞ்சுகிட்டு இருப்பேன்.”

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. டிசம்பர் பூராவும் இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே கழித்தார்கள். வெள்ளைச் சட்டை தைத்து வந்தது. நகரத்துப் பாடசாலையின் கோடு போட்ட டையும் வந்தது. தனுஷிகா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லயம் முழுக்க நடந்தாள்.

பாடசாலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. பிரியந்தியின் அப்பா செல்லசாமி இஸ்தோப்பில், அதுதான் முன் திண்ணையில், உட்கார்ந்து பழைய கம்பளியைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொங்கக் காம்பரா, அதாவது லயத்தின் கடைசி வீடு, அவருடையது. மகளும் மருமகனும் அவரோடுதான் குடியிருந்தார்கள். இஸ்தோப்புக்குச் சீமெந்து போட்டு, பக்கத்தில் இன்னொரு அறை இறக்கிக் கட்டியது அவர் கை. தனுஷிகா டையோடு வாசற்படியில் நின்றாள்.

கோயில் கூட்டத்துக்குச் சொல்ல வந்த புது ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலிருந்து வந்தவர், இங்கே யாரையும் அவ்வளவாகத் தெரியாது.

“பாப்பா, முத்துலிங்கம் மாஸ்டர் வீடு இதானே?”

“இல்ல” என்றாள் தனுஷிகா. “எங்க வீடு ராகலை டவுன். ஹலீம் கட மேல.”

வந்தவர் பக்கத்து லயத்தில் விசாரிக்கலாம் என்று நடந்துவிட்டார். உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பிரியந்தியின் கை நின்றது; அவளோடு இருந்த முத்துலிங்கம் வாசலுக்கு வந்தார். செல்லசாமி முதலில் சிரித்தார். பிறகு ஊசியைக் கம்பளியில் குத்தி வைத்தார்.

“அப்ப இது யாரு வீடு பாப்பா?”

“இது தாத்தா வீடு. நாங்க சும்மா பாக்க வருவோம்.”

“ராவைக்கு எங்க தூங்குற?”

பிள்ளை யோசித்தாள். சொல்லிக் கொடுத்த பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. “ராகலை டவுன்ல” என்றாள் கடைசியில், தாத்தாவின் முகத்தைப் பார்க்காமல்.

செல்லசாமி மகளையும் மருமகனையும் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. “நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றார். எழுந்து தண்ணிப் பீலிப் பக்கம் போய்விட்டார்.

முத்துலிங்கத்துக்கு ஷாமிலா டீச்சரின் குரல் மறுபடி கேட்ட மாதிரி இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் அதற்கு இல்லை. பிரியந்தி அடுப்படியில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

“ஹொஸ்டல்ல பிள்ளைக எல்லாம் கேப்பாங்க, ஒன் வீடு எங்கன்னு” என்றாள். “நுவரெலியா டவுன்னு சொல்லுவேன். ஆறு வருசம் அப்புடித்தான் சொன்னேன். ஒரு நா அப்பா பாக்க வந்தாரு. காலுல சப்பாத்து இல்ல. யாருன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல வேல செய்றவருன்னுட்டேன். அவருக்கு அது கேட்டுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

முத்துலிங்கம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானா வெக்கப்பட்டுச் சொன்னேன். இவளுக்கு நாம உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்திருக்கோம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய பழைய குரல் திரும்பியது. “இங்கிலீசு டீச்சர் இல்ல, கூரை ஒழுகுதுன்னு சொன்னேனே. ஏன் யாரும் போய்க் கேக்கல? கேக்கத் தெரிஞ்ச நாம எல்லாரும் பிள்ளைகள வேன்ல ஏத்திட்டோம். மலையில நிக்கிறவங்களுக்கு எந்தக் கந்தோருக்குப் போறதுன்னுகூடத் தெரியாது. பின்ன யாரு கேக்கிறது? என் பிள்ள அங்க இருந்தா நான் சும்மா இருப்பேனா?”

சும்மா இருக்கமாட்டாள், அது அவருக்குத் தெரியும்.

அவர் அப்போதே ஷாமிலா டீச்சருக்குப் போன் எடுத்தார்.

“டீச்சர், அந்த வீட்டுல நாங்க குடியிருக்கல. நான் பொய் சொல்லிட்டேன். இடத்தத் திருப்பித் தர்றேன்.”

“எனக்குத் தெரியும் மாஸ்டர். அடுப்புல ஒரு நாள் சமைச்ச அடையாளமும் இல்ல. ஆனா காகிதமெல்லாம் சரியா இருந்துச்சு, பிள்ளையும் நல்லாப் பேசினா, என்னால ஒண்ணும் எழுத முடியல. இப்புடி வர்றவங்க நெறையப் பேரு. திருப்பித் தர்றேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.” பிறகு சொன்னார்: “காத்திருக்கிற பட்டியல்ல முதல் பேரு, மார்க்கெட்டுல மரக்கறி மூட்டை தூக்குறவரோட மகள். அவங்க நெசமாவே டவுன்லதான் இருக்காங்க. இந்நேரத்துக்குச் சொன்னா சந்தோசத்துல அழுதுருவாரு.”

தான் எடுத்த இடம் யாருடையது என்று முத்துலிங்கம் அதுவரைக்கும் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. நகரத்து வேன் லயத்தடியில் வந்து இரண்டு தரம் ஹார்ன் அடித்தது. யாரும் வரவில்லை என்று கண்டு இறங்கிப் போய்விட்டது. மேலே ஆறாம் நம்பர் மலையில் பெண்கள் நிரை பிடித்திருந்தார்கள். வேன் போவதைப் பார்த்த ஒருத்தி, “மாஸ்டர் மகளும் போயிருச்சு” என்றாள். மீனம்மா கொழுந்தை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

கீழே பாடசாலை முற்றத்தில் வலயத்திலிருந்து வந்த அலுவலர் கோப்போடு நின்றார். ஒன்பது பிள்ளைகள் பூச்செண்டோடு வரிசையில். ஜெயந்தினி டீச்சர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில், ஒரு பக்கம் முத்துலிங்கமும் மறுபக்கம் பிரியந்தியும் கையைப் பிடித்துவர, டை இல்லாத வெள்ளைச் சட்டையோடு தனுஷிகா உள்ளே வந்தாள். பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்லசாமி வந்தார். ஜெயந்தினி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தண்டவாளம் ஒலிக்கத் தொடங்கியது. மலையில் கைகள் நின்றன. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது சர்மிளா. மீனம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டு கொஞ்சம் மெதுவாக வந்தது. ஒன்பது.

பிறகு சத்தமில்லை.

“அவ்வளவுதான்” என்றாள் பக்கத்து நிரைக்காரி. “வா, வேலையப் பாப்போம்.”

மீனம்மா அசையவில்லை.

கீழே நடந்தது வேறு. பத்தாவது பெயர் பதிவேட்டில் இல்லாததால், அலுவலர் அதை எழுதிவிட்டுத்தான் அடிக்கவேண்டும் என்றார். பேனையைத் திறந்து பிள்ளையிடம் கேட்டார்.

“மகள், வீடு எங்க?”

தனுஷிகா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் பதிலைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முத்துலிங்கம் முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தார்.

“அப்பா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் பாப்பா. நீ நெசத்தச் சொல்லு. நேத்து ராவு எங்க தூங்கின?”

பிள்ளை திரும்பி செல்லசாமியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“தாத்தா பக்கத்துல. சவுக்குமல, மேக்கணக்கு, அஞ்சாம் நம்பர் லயம், தொங்கக் காம்பரா. அதான் எங்க வீடு.”

செல்லசாமி கம்பளியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அலுவலர் எழுதினார். முத்துலிங்கம் எழுந்து, அங்கே நின்ற நாலைந்து பெற்றோரிடம் சொன்னார்: “ஒங்க பிள்ளைகளுக்கு மட்டும் போதும், என் பிள்ளைக்குப் போதாதுன்னு நெனச்சுத்தான் நான் இத்தனை நாளும் இங்க படிப்பிச்சேன். அது பெரிய தப்பு. எம் பிள்ளைக்கு ஆகாத பள்ளிக்கூடம் ஒங்க பிள்ளைக்கும் ஆகக் கூடாது. கொறையிருந்தா விட்டுட்டு ஓடக் கூடாது, எல்லாரும் நின்னு திருத்தணும்.” சொல்லிவிட்டுச் சுத்தியலை மகள் கையில் கொடுத்தார். அவளுக்கு அது பாரம். முதல் வீச்சு காற்றில் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் தரம் இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினாள்.

மலையில் பத்தாவது அடி வந்து விழுந்தது.

நிரை முழுக்கப் பெண்கள் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி ‘பத்து’ என்றாள், ஏதோ கைவிட்டுப்போன சாமான் கிடைத்த மாதிரி. மாஸ்டர் மகள் வேன் ஏறவில்லை என்று புரிந்துகொண்ட மீனம்மா தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே இருந்து கங்காணி கத்தினார்: “என்ன எல்லாரும் நின்னுகிட்டு? மணியடிச்சா வேலைய நிப்பாட்டணுமா?”

“இன்னைக்கு நிப்பாட்டணும் கங்காணி” என்றாள் மீனம்மா. “கட்டடம் கட்டினா பள்ளிக்கூடம் ஆயிராது. வாத்தியாரு தன் பிள்ளய எங்க சேக்குறாரோ, அதுதான் ஊருக்குப் பள்ளிக்கூடம். எங்களுக்கு அது இன்னைக்குத்தான் தொறந்திருக்கு.”